மேய்ப்பனின் கோல் எதுவரை நீளலாம்?

ஒரு கிறிஸ்தவ சபையில் போதகருக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கலாம்? அவர் பிரசங்கம் செய்யலாம், ஞானஸ்நானம் கொடுக்கலாம், ஊரறியத் தப்பு செய்தவனைக் கூப்பிட்டுக் கண்டிக்கலாம். இதுவரை யாருக்கும் பெரிய சண்டை இல்லை. ஆனால் "இந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளாதே", "அந்த ஊர் வேலைக்குப் போகாதே", "வீட்டை விற்றுவிட்டு எங்கள் பக்கத்தில் குடிவா" என்றெல்லாம் சொல்லலாமா? சொன்னால் விசுவாசி கேட்டுத்தான் ஆகவேண்டுமா? கேட்காவிட்டால் அது கடவுளுக்கே கீழ்ப்படியாமல் போனது ஆகுமா?

இது கற்பனைக் கேள்வி இல்லை. 1970-களில் அமெரிக்காவில் பல்லாயிரம் பேர் இந்தக் கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் சொல்லி, அப்படியே வாழ்ந்தும் பார்த்தார்கள். அதற்கு 'ஷெப்பர்டிங் இயக்கம்' என்று பெயர். மேய்த்தல் இயக்கம் என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். அது எப்படித் தொடங்கியது, எப்படி வளர்ந்தது, எப்படி உடைந்தது என்று பார்த்தால் போதகரின் அதிகாரத்துக்கு எல்லை எங்கே என்பதும் தானாகவே தெரியவரும்.

நல்ல எண்ணத்தில்தான் தொடங்கியது

1960-களில் அமெரிக்காவின் பழைய சபைகளுக்குள் கரிஸ்மாட்டிக் எழுப்புதல் புகுந்தது. (கத்தோலிக்கர்கள் அருங்கொடை இயக்கம் என்பார்கள்.) அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம், குணமாக்கும் ஜெபம் என்று அதுவரை பெந்தெகொஸ்தே சபைகளில் மட்டும் இருந்தவை எபிஸ்கோபல், லூத்தரன், பாப்டிஸ்ட், கத்தோலிக்கர் என எல்லாரிடமும் பரவின. கூட்டம் பெருகியது. ஆனால் கட்டுக்கோப்பு இல்லை. மக்கள் இன்று ஒரு பிரசங்கியார், நாளை இன்னொருவர் என்று கூட்டம் கூட்டமாக அலைந்தார்கள். பிரசங்கிமார்களோ யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியவர்களாக இல்லை.

புளோரிடா மாநிலத்தில் ஃபோர்ட் லாடர்டேல் என்ற ஊரில் ஓர் ஊழிய அமைப்பு 1969 முதல் 'நியூ வைன்' என்ற மாத இதழை நடத்தி வந்தது. 1970-ல் அதன் தலைவர் ஓர் ஒழுக்கப் பிரச்சினையில் சிக்கினார். அப்போது அங்கே போதித்து வந்த நான்கு பேர் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். நாளைக்கு நமக்கும் இதே கதி வரலாம். ஆகவே இனி ஒருவர் வாழ்க்கைக்கு மற்றவர் பொறுப்பு என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். பாப் மம்ஃபோர்ட், டெரெக் பிரின்ஸ், சார்லஸ் சிம்ப்சன், டான் பாஷம் என்பவர்களே அந்த நால்வர். 1974-ல் கனடாவைச் சேர்ந்த எர்ன் பாக்ஸ்டர் சேர்ந்தார். 'ஃபோர்ட் லாடர்டேல் ஐவர்' என்று பெயர் நிலைத்தது.

இவர்கள் போலிச் சாமியார்கள் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிரின்ஸ், கேம்பிரிட்ஜில் தத்துவம் படித்து அங்கேயே ஃபெல்லோவாக இருந்தவர். சிம்ப்சன், அலபாமாவில் பாப்டிஸ்ட் போதகராக இருந்தவர். 'தனி ஆளாக ஊழியம் செய்தால் விழுந்துவிடுவோம்' என்ற பயம்தான் இவர்களைச் சேர்த்தது. அது நியாயமான பயம். கதையின் சோகமே அதில்தான் இருக்கிறது.

கவரிங்

தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்தை அவர்கள் மெதுவாக எல்லோருக்குமான போதனையாக மாற்றினார்கள். ஒவ்வொரு விசுவாசிக்கும் தனக்கென்று ஒரு மேய்ப்பர் வேண்டும்; அந்த மேய்ப்பருக்கு மேலே இன்னொரு மேய்ப்பர்; அவருக்கு மேலே இன்னொருவர்; உச்சியில் இந்த ஐவர். மேய்ப்பருக்குக் கீழ்ப்பட்டிருப்பதை 'கவரிங்' என்றார்கள். (நம் ஊரில் கவரிங் என்றால் வேறு அர்த்தம்! இங்கே தலைக்கு மேல் ஒரு கூரை, ஒரு பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.) கூரைக்கு வெளியே போனால் மழையிலும் வெயிலிலும் நீயே மாட்டிக்கொள்வாய் என்பது உட்பொருள்.

இந்தப் போதனைக்கு உரம் போட்டவை இரண்டு. ஒன்று, சீனப் போதகர் வாட்ச்மேன் நீ எழுதியவை. கடவுள் நியமித்த அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவது கடவுளுக்கே கீழ்ப்படிவது என்பது அவருடைய அழுத்தமான கருத்து. மற்றொன்று, அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில் சபை நடத்திய ஹுவான் கார்லோஸ் ஓர்ட்டிஸ் சொல்லிவந்த சீஷத்துவ முறை.

நடைமுறையில் என்ன ஆனது? யாரைக் கல்யாணம் செய்வது, எந்த வேலைக்குப் போவது, எங்கே வீடு வாங்குவது என எல்லாவற்றுக்கும் மேய்ப்பரின் ஒப்புதல் கேட்கும் பழக்கம் பல இடங்களில் வந்தது. தசமபாகம் சபைப் பெட்டியில் விழாமல், பெரும்பாலும் நேராகத் தன் மேய்ப்பரிடமே போனது. சபையை நடத்தும் போதகரே வேறு மாநிலத்தில் இருக்கும் ஒருவருக்குக் கீழ்ப்பட்டவராக இருந்தார்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதனால் நன்மை அடைந்ததாகச் சொன்னவர்களும் ஏராளம். அப்பா இல்லாமல் வளர்ந்த இளைஞர்கள், குடியிலிருந்து மீண்டவர்கள், புது ஊரில் யாரையும் தெரியாமல் தனித்துக் கிடந்தவர்கள். அவர்களுக்கு வாரந்தோறும் உட்கார்ந்து பேச ஒரு மூத்தவர் கிடைத்தார். இயக்கம் அவ்வளவு வேகமாக வளர்ந்ததற்கு இதுதான் காரணம். வெறும் பயம் மட்டும் ஆளைச் சேர்க்காது.

1975: புயல்

புகார்கள் கிளம்பின. 1975-ல் சி.பி.என். தொலைக்காட்சியின் பேட் ராபர்ட்சன் மம்ஃபோர்டுக்குக் கடுமையான கடிதம் எழுதி, இந்தப் போதகர்களைத் தன் நிகழ்ச்சிகளிலிருந்து நீக்கினார். குணமளிக்கும் கூட்டங்களுக்குப் பேர்போன கேத்ரின் குல்மன், மம்ஃபோர்டோடு ஒரே மேடையில் இருக்க மறுத்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் மினியாபோலிஸ் நகரின் கர்ட்டிஸ் ஹோட்டலில் இரு தரப்பும் சமரசம் பேசக் கூடின. சமரசம் ஆகவில்லை. சண்டைதான் பெரிதானது. அதைக் 'கர்ட்டிஸ் ஹோட்டல் துப்பாக்கிச் சண்டை' என்றே கிண்டலாகக் குறிப்பிடுவார்கள்.

1976 மார்ச்சில் ஐவரும் சேர்ந்து, தங்கள் போதனையால் எழுந்த குழப்பங்களுக்கு வருத்தம் தெரிவித்து ஓர் அறிக்கை விட்டார்கள். ஆனால் அமைப்பு மாறவில்லை. 'போதனை சரிதான், சிலர் அதைத் தவறாகச் செயல்படுத்திவிட்டார்கள்' என்பதே அவர்கள் நிலை. 1980-களின் தொடக்கத்தில் சுமார் 500 சபைகளும் ஒரு லட்சம் பேரும் இந்த வலையில் இருந்ததாகக் கணக்கிடப்படுகிறது.

பிறகு உள்ளிருந்தே விரிசல் விட்டது. முதலில் விலகியவர் பிரின்ஸ். ஒவ்வொரு விசுவாசிக்கும் தனி மேய்ப்பர் கட்டாயம் என்பதை இனி நம்ப முடியவில்லை என்பது அவர் சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று. அதாவது அடித்தளக் கல்லையே உருவிவிட்டார். 1986 டிசம்பரில் 'நியூ வைன்' நின்றது. ஐவர் கூட்டும் கலைந்தது. சிம்ப்சன் மட்டும் ஒரு பகுதியினரோடு ஊழியத்தைத் தொடர்ந்தார்.

1989-ன் இறுதியில் மம்ஃபோர்ட் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 'சிலர் தவறாகச் செயல்படுத்தினார்கள்' என்ற பழைய சாக்கை அவர் இம்முறை சொல்லவில்லை. மனிதத் தலைவர்களுக்கு வேதம் சொல்லாத அளவு கீழ்ப்படிய வைத்தோம், குடும்பங்கள் பிரிந்தன, சில இன்னும் சேரவில்லை என்று ஒப்புக்கொண்டார். பெரிய தலைவர்கள் இப்படிப் பேசுவது அபூர்வம். ஆனால் அதற்குள் 20 வருடம் ஓடிவிட்டது. பிரிந்த குடும்பத்தை ஒரு பத்திரிகைச் செய்தி சேர்த்துவைக்குமா?

பாஸ்டனில் மறுபடியும்

இது ஐந்து பேரின் தனிப்பட்ட குணத்தால் வந்த விபத்து என்று சொல்லி முடித்துவிடலாம். முடியாமல் செய்வது பாஸ்டன் கதை. 1979-ல் கிப் மெக்கீன் என்ற இளைஞர் பாஸ்டனை அடுத்த லெக்சிங்டனில் ஒரு சிறிய 'சர்ச் ஆஃப் கிறைஸ்ட்' சபையை ஏற்றார். அங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு சீஷத்துவ வழிகாட்டி நியமிக்கப்பட்டார். அன்றாட வாழ்க்கையின் சின்ன விஷயங்கள்வரை ஆலோசனை. ஆலோசனை கட்டளையாக மாறியது. சபை உலகெங்கும் பரவியது.

1985-ல் ஃப்ளேவில் யீக்லி என்ற ஆய்வாளர் அந்தச் சபையின் 835 பேரிடம் ஒரு குணநலப் படிவத்தை நிரப்பச் சொன்னார். மனமாற்றத்துக்கு முன் எப்படி இருந்தீர்கள், இப்போது எப்படி, ஐந்து வருடம் கழித்து எப்படி இருப்பீர்கள் என்று மூன்று முறை. அதில் தெரிந்தது: கூச்ச சுபாவமுள்ளவர், கலகலப்பானவர், யோசிப்பவர், உணர்ச்சிவசப்படுபவர் எல்லாரும் ஒரே வார்ப்புக்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள். மற்றச் சபைகளில் இதே படிவத்தைக் கொடுத்தபோது இப்படி ஒரு நகர்வு தெரியவில்லை. கிறிஸ்துவைப் போல மாறுவது வேறு, தன் வழிகாட்டியின் நகலாக மாறுவது வேறு என்பதை எண்களில் காட்டிய ஆய்வு அது. 2002-ல் மெக்கீன் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். 2003-ல் லண்டனைச் சேர்ந்த ஹென்றி க்ரீட் என்ற தலைவர் எழுதிய பகிரங்கக் கடிதம் உள்ளே பெரிய பூகம்பத்தை உண்டாக்கியது. கட்டாய வழிகாட்டி முறையைப் பல சபைகள் கைவிட்டன.

வேறு ஆட்கள், வேறு பாரம்பரியம். ஆனால் அதே அமைப்பு, அதே முடிவு. அப்படியானால் கோளாறு ஆளில் இல்லை, அமைப்பில்தான் இருக்கிறது.

பழைய வரலாறு என்ன சொல்கிறது?

'போதகருக்கு அதிகாரமே வேண்டாம்' என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் சபை வரலாறு அவ்வளவு எளிதாக விடவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு பழைய சம்பவங்களை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, கி.பி. 390. தெசலோனிக்கேயாவில் ஒரு கலகத்தில் படைத்தலைவர் கொல்லப்பட்டார். ரோமப் பேரரசர் தியோடோசியஸ் கோபத்தில் உத்தரவிட, படைவீரர்கள் ஊர் மக்களைக் கொன்று குவித்தார்கள். மிலான் நகர ஆயர் அம்புரோஸ் பேரரசருக்குக் கடிதம் எழுதினார். நீங்கள் வந்திருக்கும்போது என்னால் நற்கருணை நிறைவேற்ற முடியாது, மனந்திரும்புங்கள் என்பது அதன் சாரம். பேரரசர் பணிந்தார், மக்கள் முன் பாவப்பரிகாரம் செய்த பிறகே சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

இங்கே ஆயர் பயன்படுத்திய அதிகாரத்தைப் பாருங்கள். எதிரே நின்றவர் தன்னைவிடப் பலமானவர். குற்றமோ எல்லாரும் அறிந்த படுகொலை. அம்புரோஸ் மறுத்தது தன் கையில் உண்மையாகவே இருந்த ஒன்றை மட்டும்: பந்தியை. பேரரசர் யாரைத் திருமணம் செய்யலாம் என்று அவர் பேசவில்லை. ஷெப்பர்டிங் இயக்கத்தில் இது தலைகீழ். பலமானவர் பலவீனமானவரிடம், பாவமே இல்லாத காரியங்களில், தன் கையில் இல்லாத ஒன்றின்மீது அதிகாரம் செலுத்தினார்.

இரண்டாவது, 1541-க்குப் பிந்தைய ஜெனீவா. கால்வின் அமைத்த 'கான்சிஸ்டரி' என்ற ஒழுங்குச் சபை வியாழக்கிழமைதோறும் கூடியது. நடனம், குடும்பச் சண்டை, சூதாட்டம் என்று எல்லாவற்றையும் விசாரித்தது. இன்று அதன் கெடுபிடியை யாரும் தாங்க மாட்டோம். 1553-ல் செர்வெட்டஸை எரித்த நகரம் அது, கால்வினுக்கும் அதில் பங்குண்டு என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் ஒரு விஷயம். கான்சிஸ்டரியில் போதகர்களோடு 12 மூப்பர்கள் உட்கார்ந்தார்கள். அவர்கள் நகர மன்றங்களிலிருந்து தேர்வானவர்கள். பேசியதெல்லாம் எழுதி வைக்கப்பட்டது; அந்தக் குறிப்பேடுகளை வரலாற்றாசிரியர்கள் இப்போதும் படிக்கிறார்கள். ஒருவரைச் சபையிலிருந்து விலக்கும் அதிகாரம் ஒரு தனி மனிதன் கையில் இருக்கக் கூடாது என்று கால்வினே எழுதினார்.

இவ்வளவு கண்டிப்பான மனிதரே ஒத்துக்கொள்ளாத ஒன்றை ஃபோர்ட் லாடர்டேல் முறை சர்வ சாதாரணமாகக் கொடுத்தது. ஒரு வீட்டு முன்னறை, இரண்டு நாற்காலி, ஒரு மேய்ப்பர், ஒரு விசுவாசி. சாட்சி இல்லை, குறிப்பு இல்லை, மேல்முறையீடு இல்லை. மேலே போனால் அந்த மேய்ப்பரின் மேய்ப்பர்தான் இருப்பார்!

அப்படியானால் எல்லை எங்கே?

என் புத்திக்கு எட்டியவரை நான்கு எல்லைகள் தெரிகின்றன.

முதல் எல்லை, விஷயம் சம்பந்தப்பட்டது. வேதம் பாவம் என்று சொல்வதைப் போதகர் பாவம் என்று சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். வேதம் விட்டுவைத்த இடத்தில் அவர் ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். இதற்கு நல்ல உதாரணம் பவுலே. 1 கொரிந்தியர் 7-ஆம் அதிகாரத்தில் திருமணத்தைப் பற்றி எழுதும்போது, எது கர்த்தரின் கட்டளை, எது தன் சொந்த அபிப்பிராயம் என்று பிரித்துப் பிரித்துச் சொல்கிறார். அப்போஸ்தலனே அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டார் என்றால் மற்றவர்கள் எம்மாத்திரம்? 1646-ல் உருவான வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும் மனசாட்சிக்கு ஆண்டவர் கடவுள் ஒருவரே என்கிறது.

இரண்டாவது, நடைமுறை. மத்தேயு 18-ல் தப்பு செய்த சகோதரனிடம் முதலில் தனியாகப் பேசு, பிறகு ஓரிருவரோடு போ, கடைசியில் சபைக்குச் சொல் என்று படிப்படியாக வருகிறது. முடிவு சபையிடம் இருக்கிறது. 1 தீமோத்தேயு 5-ல் மூப்பர்களின்மீதும் குற்றச்சாட்டை விசாரிக்க வழி சொல்லப்படுகிறது; பாவம் செய்தால் எல்லார் முன்பும் கண்டிக்கச் சொல்கிறது. அதாவது கணக்கு மேலிருந்து கீழும் கேட்கலாம், கீழிருந்து மேலும் கேட்கலாம். 'கவரிங்' போதனையில் பாதை ஒருவழிப் பாதைதான்.

மூன்றாவது, பணம். நான் படிப்பது வணிகவியல் என்பதால் இந்த இடத்தில் தணிக்கைப் பாடம் ஞாபகம் வருகிறது. 'இன்டர்னல் செக்' என்று ஒன்று படிப்போம். பணம் வாங்குகிறவனே கணக்கும் எழுதக் கூடாது, செலவை அனுமதிக்கவும் கூடாது. காசாளர் திருடன் என்பதால் இல்லை. நல்லவரையும் சோதனையில் தள்ளக் கூடாது என்பதால். தசமபாகத்தை வாங்கும் மேய்ப்பரே, அதைக் கொடுக்கும் ஆள் வேறு ஊருக்கு வேலைக்குப் போகலாமா என்றும் முடிவு செய்கிறார் என்றால்? அவன் போனால் அவருக்கு வருமானம் குறையும். அவர் எவ்வளவு யோக்கியர் என்றாலும் அந்த ஆலோசனையை எப்படி நம்புவது?

நான்காவது, வாசல். 'எனக்கு ஒத்துவரவில்லை, போய்வருகிறேன்' என்று சொல்லி, சாபம் வாங்காமல், நண்பர்களை இழக்காமல் ஒருவர் வெளியேற முடிய வேண்டும். வெளியேற முடியாத இடத்தில் கீழ்ப்படிதலுக்கு மதிப்பே இல்லை. கூண்டில் இருக்கும் கிளி விசுவாசமாக இருக்கிறது என்று யாராவது சொல்வார்களா?

இதற்கு எதிராக எப்போதும் எடுத்துக்காட்டப்படுவது எபிரெயர் 13:17. நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று அங்கே இருப்பது உண்மை. ஆனால் அதே வசனம் நடத்துகிறவர்கள் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள் என்றும் சொல்கிறது. பேதுருவும் தன் முதல் நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தில் மூப்பர்களிடம், மந்தைக்கு எஜமானாக நடக்காமல் மாதிரியாக இருக்கச் சொல்கிறார். வசனத்தின் பாதியை மட்டும் பிரசங்கித்தால் பாதி மேய்ப்பர்தான் கிடைப்பார்.

இந்த வரலாற்றைப் படித்ததில் என்னை அதிகம் பாதித்தது அந்த ஐவரைவிட, பெயர் தெரியாத அந்த ஒரு லட்சம் பேர்தான். அவர்கள் சோம்பேறிகள் இல்லை, முட்டாள்களும் இல்லை. கடவுளுக்கு முழுமையாகக் கீழ்ப்படிய ஆசைப்பட்டவர்கள். அந்த ஆசையைத்தான் ஒருவர் கையில் கொடுத்தார்கள். திருடன் வந்து நகையைக் கொண்டுபோனால் நகைதான் போகும். இங்கே பலருக்கு, இனிமேல் எந்தச் சபையையும் எந்தப் போதகரையும் நம்ப முடியாத நிலை வந்தது. சிலருக்குக் கடவுளையே நம்ப முடியவில்லை.

மேய்ப்பனின் கோல் ஓநாயை விரட்டவும், பள்ளத்தில் விழுந்த ஆட்டைத் தூக்கவும்தான். எந்தப் புல்லை எப்போது மேய வேண்டும் என்று ஒவ்வொரு ஆட்டின் கழுத்தையும் பிடித்துத் திருப்புவதற்கு இல்லை. நல்ல போதகர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் சபையின் சட்டத்தை எழுதும்போது, நல்ல போதகர் இருப்பார் என்று நம்பி எழுதக் கூடாது. நல்லவரும் ஒருநாள் தடுமாறலாம் என்று நினைத்து எழுத வேண்டும். 1970-ல் ஃபோர்ட் லாடர்டேலில் அந்த நால்வரும் ஒன்றாக உட்கார்ந்தபோது பயந்ததும் இதற்குத்தானே? தங்களைப் பற்றி அன்று அவர்கள் பயந்தது சரி. அந்தப் பயத்தைத் தாங்கள் கட்டிய அமைப்புக்குள் எழுதிவைக்காமல் விட்டதுதான் தவறு.